நான் ஒத்துக்கொண்டேனாம்

நான் சொந்தச் சம்பளத்தில் முதல் செல்போன் வாங்கிய காலத்தில், எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் நம்பர் என்பது பூட்டி வைக்க வேண்டிய பொருள். ரீசார்ஜ் கடையில் நம்பரைச் சொன்னால் கடைக்காரர் ஒரு தாளில் குறித்துக்கொள்வார். அந்தத் தாளை அப்புறம் யார் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துத் தெருவில் ஒருத்தியின் நம்பர் அப்படித்தான் வெளியே போய், அவளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமே கலைந்தது. அதனால் நான் சுரண்டுகிற அட்டைதான் வாங்குவேன். கடையை விட்டுத் தள்ளி வந்து, நகத்தால் சுரண்டி, நானே எண்ணை அடித்துக்கொள்வேன். என் நம்பர் வீட்டில் இருந்தது. வேலையிடத்தில் சூப்பர்வைசர் அம்மாவிடமும் ஒரு தோழியிடமும் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

வீடு ராயபுரத்தில், காசிமேட்டுத் துறைமுகத்துக்கு நடந்துபோகிற தூரம். அப்பா விசைப்படகு ஓட்டினார். கடலுக்குள் போனால் கரையேற ஒரு வாரமாவது ஆகும். அம்மா மீன் விற்றாள். அண்ணன் கன்டெய்னர் யார்டில் பெட்டி வருகிற போகிற கணக்கைப் பார்த்தான். நான் திருவொற்றியூரில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியின் ஆபீசில் வேலை செய்தேன். அண்ணன் யாரிடமோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, இன்டர்நெட்டும் போட்டிருந்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் அதன் முன்னால் குந்திவிடுவான். கார் ரேஸ் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மீன்பிடித் தடை முடிந்து அப்பா கடலுக்குப் போயிருந்த சமயம். என் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. வாழ்த்துகளாம், என் கேம் தயாராம். தப்பான ஆளுக்கு வந்திருக்கிறது என்று அழித்துவிட்டேன். மறுநாள் ரிங்டோன் வேண்டுமா என்று ஒன்று. பிறகு ஜாதகம், பிறகு கடன். நான் யாரோடும் பேசாமலே பேலன்ஸ் கரைந்தது. அப்புறம் ஓர் ஆண் குரல் வந்தது. என் பேரைச் சொல்லி, நீங்கதானே என்று கேட்டது.

"யாரு நீங்க?"

"சும்மாதான். ஃப்ரெண்டாயிக்கலாமேன்னு."

வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. திரும்ப வைத்தேன்.

சத்தத்தை நிறுத்தி வைத்தால் பைக்குள் அதிரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்க, பஸ் ஒரே இடத்தில் கிடக்கும். மடியில் இருக்கும் பை நடுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டு அம்மாள் பையைப் பார்ப்பாள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள். இறங்கி நடந்துவிடலாமா என்று எழுந்து நிற்பேன். வெயிலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்காருவேன். போனை அணைத்து வைத்தால், அப்பாவின் படகிலிருந்து ஏதாவது சேதி வந்தால் என்ன செய்வது என்ற பயம். மறுபடி போடுவேன். போட்டதும் அதிரும்.

வீட்டில் அம்மா கவனித்துவிட்டாள்.

"இன்னாமே, யாரு அது? எட்த்துப் பேசேன்."

"ராங் நம்பர்மா."

"ராங் நம்பரு இன்னா இத்தினி தபா வருது?"

அம்மா கூடையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எவனாச்சும் கீறான்னா சொல்ட்டுடு. உங்க நைனா கரைக்கு வர்றதுக்குள்ள சொல்ட்டுடு."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரும் இல்லையென்று எப்படி நிரூபிப்பது? இருந்தால் காட்டலாம். இல்லாத ஒருவனை எப்படி இல்லையென்று காட்டுவது?

மறுநாள் அம்மா என் கையைப் பிடித்து ரீசார்ஜ் கடைக்கு இழுத்துப் போனாள். தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"இன்னாய்யா, பொட்டப் புள்ளைங்க நம்பர எவனெவன்கிட்ட குட்த்துகினு கீற?"

கடைக்காரர் பதறி எழுந்தார். "யக்கா, உம் பொண்ணு நம்பரே எனக்குத் தெரியாதுக்கா. அது இங்க ஒரு தபாகூட நம்பர் சொன்னதில்ல. அட்டைதான் வாங்கிகினு போவும். நீயே கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மை எனக்கு உதவவில்லை. கடையிலிருந்து போகவில்லை என்றால், நானே கொடுத்திருக்கிறேன் என்றுதானே ஆகிறது. அம்மா என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

தோழியிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை போலும். அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "என் நம்பரயே நான் வெளிய குட்த்ததில்ல. உன்னுத குடுப்பனா?" என்று சொல்லிவிட்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான குரல். ஏதோ கார்டு வாங்கச் சொன்னாள். நான் சலிப்போடு, என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அதுவரை எத்தனையோ பேரிடம் கேட்டும் எல்லோரும் போனை வைத்துவிட்டார்கள். இவள் வைக்கவில்லை.

"நீங்க ஃப்ரீ கேம் வாங்கறதுக்கு ரெஜிஸ்டர் பண்ணின நம்பர்தான் மேடம் இது."

"எந்த கேம்?"

அவள் ஒரு கார் ரேஸ் விளையாட்டின் பேரைச் சொன்னாள். என் பிறந்த தேதியைச் சொன்னாள். எங்கள் தெருவைச் சொன்னாள்.

"ஆஃபர்ஸ்க்கு உங்களைக் கூப்பிடலாம்னு ஒத்துக்கிட்டு டிக் பண்ணியிருக்கீங்க மேடம்."

"நான் ஒத்துக்கல."

"ஒத்துக்கிட்டதாத்தான் காட்டுது மேடம்."

அன்று சாயங்காலம் பஸ் எப்படி ஊர்ந்தது என்று நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் நம்பர அதுல போட்டியா?"

அவன் திரும்பாமலே சொன்னான். "ஆமா. ஒரு நம்பருக்கு ஒரு கேம்தான் குடுக்கறான். என்னுதுல ஒண்ணு வாங்கிட்டேன். அதான் உன்னுத போட்டேன். ஓசிதானே, இன்னா இப்ப?"

"நான் ஒத்துக்கினேன்னு டிக் போட்டியா?"

"அத்த போட்டாதான் கேம் வரும்."

"எனக்கே தெரியாம நான் ஒத்துக்கினேனா?"

அவன் சிரித்தான். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் கூப்பிட்டதை, அம்மா கேட்டதை, கடையில் நடந்ததை. சொல்லச் சொல்ல எனக்கு நிற்க முடியவில்லை. அறைக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே சொன்னேன். திரையில் அவன் கார் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைத் தொடவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த கேம் கம்பெனி சைட்டில் போட்டிருந்த நிபந்தனைகளைப் படித்தோம். பொடி எழுத்தில், கீழே போகப் போக முடியாமல் நீண்டது. தெரியாத வார்த்தைகளை டிக்‌ஷனரியில் பார்த்தோம். பாதிக்கு மேல் போனதும் ஒரு வரி. எங்களுடைய விவரங்களை அவர்களுடைய கூட்டாளிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கலாமாம். கூட்டாளிகள் யார் என்று எங்கேயும் இல்லை.

"இத்த யாரு படிப்பா?" என்றான் அண்ணன், தனக்குள்ளேயே.

பேரை எடுத்துவிடலாம் என்று போட்டிருந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. ரெஜிஸ்டர் செய்ய என் பேரில் அவன் திறந்திருந்த மெயிலின் பாஸ்வேர்ட் அவனுக்கே மறந்துவிட்டது. அவர்களுக்கு எழுதிக் கேட்டோம். நான்தான் அந்த ஆள் என்று உறுதிசெய்ய, போட்டோ உள்ள அடையாள அட்டையின் நகலை அனுப்பும்படி பதில் வந்தது. நான் நான்தான் என்று காட்ட, இன்னும் கொஞ்சம் என்னைக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்றேன்.

அந்த வார முடிவில் அப்பா கரைக்கு வந்தார். அம்மாதான் சொன்னாள், என்னைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்து. அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவளாண்ட கேட்டியா?"

"இல்ல நைனா."

அண்ணன்தான் எழுந்து வந்து, "அந்த சிம்ம எனக்குக் குடு. வர்ற போன நான் பாத்துக்கறேன்" என்றான். கொடுத்துவிட்டேன். எனக்கு நானே வேறு சிம் வாங்கினேன். புது நம்பரைத் தோழியிடம் சொன்னேன். அவள் அதற்குள் என் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தாள். அம்மாவுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன், அவள் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். அண்ணனுக்குச் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறான். "அவளாண்டயே கேளு" என்று அனுப்பிவிட்டாள். என் போன் வீட்டில்தான் கிடக்கும். எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அவனுக்குத்தான் பேஜார் ஆகிப்போனது. யார்டில் கிரேன் சத்தத்துக்கு நடுவில் அந்த போன் அடிக்குமாம். பெண் குரலை எதிர்பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் இவன் குரலைக் கேட்டதும் கெட்ட வார்த்தை சொல்வார்களாம். "ஒருத்தன் பாட்டு பாடறான்மே" என்று ஒருநாள் வந்து சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

ஐப்பசியில் காற்று மாறி, கடல் பொங்கியது. கூடப் போன படகுகள் வந்துவிட்டன, அப்பாவின் படகு வரவில்லை. அம்மா துறைமுகத்திலேயே கிடந்தாள். வீட்டில் உட்கார முடியாமல் நான் வேலைக்குப் போனேன், அங்கேயும் உட்கார முடியவில்லை. எழுதிய பில்லையே திரும்ப எழுதினேன். பகல் பாதியில் வாட்ச்மேன் வந்து, கேட்டில் ஆள் என்றார். ஓடினேன். அண்ணன் யார்டு சட்டையோடு, வேர்த்துக் கொட்ட நின்றிருந்தான். லாரி நெரிசலில் பஸ் நகராமல் நடந்தே வந்திருக்கிறான்.

"நைனா வந்துட்டாரு. இன்ஜின் புட்டுகிச்சாம். வேற போட்டுல கட்டி இஸ்துகினு வந்தாங்க. நல்லாத்தான் கீறாரு."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் மூச்சு வாங்கினான்.

"காலைலயே வந்துட்டாரு. அம்மா சுருக்குப்பைல இருந்த தாளு நனஞ்சி பூட்ச்சி. உன்னாண்ட சொல்ல வழியில்ல" என்றவன், தன் போனை எடுத்தான். "உன் நம்பர எனக்குக் குடுப்பியா?"

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவன் அழுத்தி முடித்து, சரிதானா என்று திருப்பிப் படித்தான். சரி என்றேன். சூப்பர்வைசர் அம்மாவிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்த லாரிகளுக்கு நடுவில் புகுந்து, துறைமுகத்தைப் பார்த்து நடந்தோம்.