சாக்குத் திரைக்கு வெளியே ஒரு பந்தாட்டம்

எங்கள் குடும்பத்தில் பந்து உதைக்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். பந்துக்குக் காசு கொடுக்கத் தெரிந்தவர்கள் மற்ற எல்லோரும். சம்பள நாளன்று அப்பா வீட்டுக்கு வரும் வழியில், செங்கல் சூளைக்குப் போகும் சந்தின் முனையில், எங்கள் பந்தாட்டக் கிளப்பின் தகர வசூல் பெட்டி அவருக்காகக் காத்திருக்கும். சம்பளம் அம்மாவின் கைக்கு வந்து சேரும்போது அதில் இருபது காசு குறைந்திருக்கும். பத்துக் காசு மாதச் சந்தா. இன்னொரு பத்து, பூட்ஸ் நிதி. பதினோரு பேருக்கும் பூட்ஸ் வாங்கிவிட்டால் கோலாலம்பூரில் எங்களை ஜெயிக்க ஆள் கிடையாது என்று எங்கள் பேட்டையான பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோரும் நம்பினார்கள். இரண்டு வருஷம் நம்பினார்கள். அந்த இரண்டு வருஷமும் மாமா வெறுங்காலோடுதான் விளையாடினார்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இருபது காசை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். “உங்க டீமு கோல் போட்டா நம்ம வீட்ல சோறு வெந்துருமா?” என்று அம்மா ஒவ்வொரு சம்பள நாளும் கேட்பாள்.  அப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் கலெக்டர். நாளெல்லாம் வெளிவாசலில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட்டை வாங்கி, நம்பர் பார்த்து அடுக்கி, மாலையில் எண்ணி ஒப்படைத்துவிட்டு வருவார். அங்கே வாயாடிகளோடு மல்லுக்கட்டிய களைப்போ என்னவோ, வீட்டில் அவர் வாய் திறப்பது பெரும்பாலும் சாப்பிடத்தான்.

கிளப்பின் தலைவர் ஒரு செங்கல் கண்டிராக்டர். தலைவர் என்பதைவிட முதலாளி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். பந்து அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். தகரப் பெட்டியின் சாவி அவர் இடுப்பில். நாங்கள் குடியிருந்த வரிசை வீடும் அவருடையதுதான். ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எங்கள் முறை இன்னும் வந்திருக்கவில்லை. வாடகை ஒரு நாள் தள்ளிப்போனாலும் தன் நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்வார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

அந்த வரிசையில் எங்கள் வீட்டுக்கு மட்டும் பின்கட்டில் தண்ணீர்க் குழாய் இருந்தது. மற்றவர்கள் வாளியோடு தெருக்குழாயில் காத்து நிற்கும் நேரம் பார்த்து, நான் பின்கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி கால் கழுவுவேன். அவ்வளவு திமிர் எனக்கு. அம்மாவும் அந்தக் குழாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்திருந்தாள். என்னைத் திட்டாத நாளில்லை. குழாயை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து மாமா நொண்டிக்கொண்டு வந்தார். எதிராளியின் பூட்ஸ் ஏறி, கால் கட்டைவிரல் நகம் முழுதாகப் பெயர்ந்திருந்தது. அம்மா தன் தம்பியின் காலைக் குழாயடியில் நீட்டச் சொல்லிக் கழுவினாள். அப்பா பக்கத்தில் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அடுத்த ஞாயிறு கிளப் கொட்டகையில் கூட்டம். தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள் என்பதால் நானும் அப்பாவோடு போயிருந்தேன். தலைவர் பேசி முடித்ததும் அப்பா எழுந்தார்.

“பூட்ஸ் காசு எவ்வளவு சேந்துருக்குன்னு ஒரு தடவ வாசிச்சீங்கன்னா நல்லாருக்கும், சார்” என்றார்.

எந்த பிளாட்பாரத்தில் ரயில் வருகிறது என்று பயணிக்குச் சொல்லும் அதே குரல். தலைவர் சிரித்தார்.

“என்னப்பா இது? கோயில் உண்டியல்ல காசு போட்டுட்டு சாமிகிட்ட போய்க் கணக்கு கேப்பியா?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். நாங்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். “எங்க சபையில நாங்க கேக்காமலே வாரா வாரம் காணிக்கைக் கணக்க வாசிக்கிறாங்களே, சார்” என்றார்.

சத்தியமாக அவர் அதைக் குதர்க்கமாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னார். ஆனால் கொட்டகை முழுக்க அப்படியொரு சிரிப்பு கிளம்பியது. தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. “கணக்கு கேக்குற எவனும் நாளையிலேர்ந்து காசு குடுக்க வேணாம். உங்க பத்துக் காசுலயா என் கிளப்பு ஓடுது?” என்றார்.

அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். இரண்டு வருஷம் வயிற்றைக் கட்டிக் கொடுத்தவர்களிடம் கொடுக்காதே என்று சொன்னதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. “குடுக்காதேன்னு சொல்ல இவரு யாரு? இது நம்ம டீமு!” என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார்கள். ஷெட்டில் எஞ்சின் துடைப்பவர், தபால்காரர், மாட்டுவண்டிக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே கோபம்.

பதினைந்து நாளில் கிள்ளான் டீமோடு அரையிறுதி, எங்கள் திடலில். நுழைவு ஐந்து காசு. வெளியிலிருந்து யாரும் ஓசியில் பார்த்துவிடாமல் இருக்க மூங்கில் நட்டு, சுற்றிலும் அரிசிச் சாக்குகளைத் தைத்துத் திரையாகக் கட்டிவிடுவார்கள். கணக்கு வாசிக்கும்வரை ஒரு காசும் கொடுத்து உள்ளே போவதில்லை என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். ஆனால் வீட்டில் உட்காரவும் யாருக்கும் மனம் வரவில்லை. டீம் என்ன பாவம் செய்தது? ஆகவே எல்லோரும் திரைக்கு வெளியே நின்று கத்தி உற்சாகப்படுத்துவது என்று ஏற்பாடு. அப்பா அதில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. எட்டிப் பாத்தா டிக்கெட் இல்லாத பிரயாணம். அப்புறம் நம்ம பேச்ச எவன் மதிப்பான்?”

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. “வீட்டுக்காரனோட மோதுறீங்க. நாளைக்கு வெளிய போன்னு சொன்னா இந்தக் குழாய எங்க போய்த் தேடுறது?” என்றாள்.

“கணக்குதானே கேட்டோம்” என்றார் அப்பா.

“கேட்டது போதும். வாய மூடிட்டு இருங்க.”

ஆட்டத்தன்று அம்மா வரவில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பிரிக்ஃபீல்ட்ஸே திரைக்கு வெளியே நின்றது. உள்ளே கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் கொஞ்சம் பேர், தலைவர், அவருடைய நாற்காலி, அவ்வளவுதான். பந்து உதைபடும் சத்தம் கேட்டால் நாங்கள் கத்துவோம். நடுவர் விசில் ஊதினால் திட்டுவோம். யாருக்காக ஊதினார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? கிள்ளான்காரர்கள் போட்ட முதல் கோலுக்கு அவர்களுக்கு முன்னால் கைதட்டியது நாங்கள்தான்.

என் மூக்குக்கு நேரே சாக்கில் ஒரு கிழிசல் இருந்தது. நான் தேடிப் போகவில்லை. அது அங்கே இருந்தது, என் கண்ணும் அங்கே இருந்தது. உள்ளே மாமா பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் அம்மா கட்டிய துணி மண்ணாகியிருந்தது. பூட்ஸ் போட்ட இரண்டு பேருக்கு நடுவே புகுந்து வெளியே வந்தார். நான் துள்ளினேன்.

“மாமா போட்டுட்டாரு! இடது காலால போட்டாரு!”

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். இடது கால் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எல்லார் முகத்திலும் இருந்தது. அப்பா என்னைக் குனிந்து பார்த்தார்.

தலைவர் அதற்காகவே காத்திருந்தவர் போல வாசலுக்கு வந்துவிட்டார். “பாத்தீங்களாய்யா? ஓசியில எட்டிப் பாக்குற கூட்டம் என்கிட்ட கணக்கு கேக்க வந்துருச்சு!”

அப்பாவின் காது சிவந்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்கு நடத்திப் போனார். சட்டைப்பையிலிருந்து ஐந்து காசை எடுத்து வாசல்காரரிடம் நீட்டினார்.

“சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட் உண்டா?”

வாசல்காரர் விழித்தார்.

“பரவால்ல, முழு டிக்கெட்டாவே குடு. அவ பாத்துட்டா.”

ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அப்பா பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

“நம்பர் இல்லையே, சார்.”

“என்ன நம்பரு?” என்றார் தலைவர்.

“நம்பர் இல்லாட்டி எத்தன டிக்கெட் வித்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“எங்களுக்கு?” என்றார் அப்பா.

 அப்போதுதான் அப்பாவின் இன்னொரு குரலை முதல்முறையாகக் கேட்டேன். ரயில் புறப்படும்போது கடைசிப் பெட்டிவரை எட்ட வேண்டிய குரல் அது. “காசு கொண்டாந்திருக்கோம்! நம்பர் போட்ட டிக்கெட் குடுங்க, எல்லாரும் உள்ள வரோம்!”

திரைக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் காசைத் தூக்கிக் காட்டினார்கள். “நம்பர்! நம்பர்!” என்று கத்தினார்கள். சத்தம் கேட்டுக் கிள்ளான்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். வசூலில் பாதி அவர்கள் கிளப்புக்குச் சேர வேண்டியது. அவர்களில் ஒருவர் தன் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்களுதுலயும் நம்பர் இல்ல லா!” என்று இழுத்தார். அதன்பிறகு தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை. வருகிற ஞாயிறு கொட்டகையில் கணக்கு வாசிக்கப்படும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அந்த ஞாயிறு கணக்கும் வாசிக்கத்தான் பட்டது. பூட்ஸ் காசில் பாதிக்குமேல் தலைவருடைய சூளைக்குக் கூரையாகப் போயிருந்ததும் அப்போது வெளியே வந்தது. இதையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் பலர் பலவிதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது வெளியாருக்குத் தெரியாது.

அன்று மாலை தலைவரின் கணக்குப்பிள்ளை ஒரு தாளோடு வந்தார். அப்பா அதை வாசித்துவிட்டுப் பாயில் வைத்தார். “என்ன எழுதிருக்கு?” என்று அம்மா கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அம்மா தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

நான் நிமிர்ந்து நின்று வாசித்தேன். “கிளப்பின் கணக்குகளை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தேன். பிறர் பேச்சைக் கேட்டுத் தலைவரவர்கள்மேல் சந்தேகப்பட்டது என் பிழை. அதற்காக வருந்துகிறேன்.” கீழே அப்பா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

“போட்டுட்டா வீட்டப் பத்திக் கவலையே இல்லன்னாரு. இல்லாட்டி மாசக் கடைசியில காலி பண்ணச் சொன்னாரு” என்றார் கணக்குப்பிள்ளை. பாவம், அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா பின்கட்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மைப்புட்டியைத் திறந்தார். பேனாவை மையில் தொட்டும்விட்டார்.

“நீங்க கணக்கப் பாத்தீங்களா?” என்றாள் அம்மா.

“இல்ல.”

“அப்ப எப்படிப் பாத்தேன்னு போடுவீங்க?”

“உனக்காகத்தான்... குழாய்...” என்று இழுத்தார் அப்பா.

அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கிக் கணக்குப்பிள்ளையிடம் நீட்டினாள். “மாசக் கடைசி எதுக்குண்ணே? சனிக்கிழமையே காலி பண்றோம்னு சொல்லுங்க. என் தம்பி ரூம்ல சுருண்டு படுத்துக்குவோம். ஞாயித்துக்கிழம கணக்கு வாசிக்கிறப்ப இந்த மனுசன் அவரு வீட்ல குடியிருக்குற ஆளா போய் உக்காரக் கூடாது.”

கணக்குப்பிள்ளை போய்விட்டார். அம்மா அப்போதே பரணிலிருந்து பெட்டியை இறக்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயை விட்டுவிட்டுப் போகப்போகிறோம், தெருக்குழாயில் நானும் வாளியோடு நிற்க வேண்டும், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாம் ஒரு கையெழுத்துக்காக. போதாததற்கு, அவ்வளவு கஷ்டமான வார்த்தைகளை ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்த என்னை ஒருவரும் மெச்சவில்லை. டீச்சராக இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

“நீங்க போடாட்டி நான் போட்டுக் குடுக்கட்டுமாப்பா? அவரு இப்பத்தான் போறாரு. எனக்கும் அழகா எழுத வரும்” என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் கையை ஓங்குகிறவள் அன்று என்னைத் தொடக்கூட இல்லை. ஓர் அடி வைத்திருந்தாலாவது, நான் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கே புரிந்திருக்கும்.