படம் போட்ட றெக்கோட்டும் நிக்கலசின் காதும்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழையும் படகின் எஞ்சின் ஒரு தரம் இருமினால் போதும். பிளக் பழுதா, எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டதா என்று கரையில் நின்றபடியே சொல்லிவிடுவார் நிக்கலஸ். எஞ்சினைப் பார்க்கவே தேவையில்லை. பார்த்துத்தான் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள் என்பார். அப்படி ஒரு காது திருகோணமலையில் இன்னொன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் நிக்கலஸ் விட்டிருக்க மாட்டார்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதின்மூன்று வயதில் எஞ்சின் கழுவப் போனார். கடலுக்குள் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும், இல்லையென்றால் உப்பு தின்றுவிடும் என்பதுதான் அவர் படித்த முதல் பாடம். இருபத்தாறு வயதில், பழுதென்று எறிந்து கிடந்த அம்பிளிஃபயர் ஒன்றை எடுத்துத் திறந்து, மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டி, பாட வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து 'நிக்கலஸ் சவுண்ட்ஸ்'. கிண்ணியாவில் கலியாணமா, பாலையூற்றில் மாதா கோயில் திருநாளா, நிக்கலசின் பெட்டிகள்தான் முதலில் வந்து இறங்கும். கொழும்பில் கோர்ஸ் முடித்த பெடியள் இன்றைக்கும் வந்து, "அங்கிள், இது ஏன் இப்பிடி இரையுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். எழுபத்தொரு வயதுக்கு இது போதாதா?

நிலாவெளியில் ஆறு அறையோடு சின்ன ஹோட்டல் நடத்துகிற ஜெயரூபி ஒரு வியாழக்கிழமை காலையில் போன் எடுத்தாள். கொழும்புக் கடையொன்றில் றெக்கோட் பிளேயர் வாங்கியிருக்கிறாள். ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் மூன்று றெக்கோட் அனுப்பியிருக்கிறான். ஒன்றைப் போட்டுப் பார்த்ததும் இரைகிறதாம்.

"மெசின் பழுதெண்டால் கடைக்காரன் திருப்பி எடுப்பான், அங்கிள். ஆனா இண்டைக்குப் பின்னேர லொறியிலை ஏத்திவிடோணும். நீங்கள் வந்து ஒருக்காக் கேட்டுச் சொன்னாக் காணும். உங்கட சொல்லுத்தான்."

உங்கட சொல்லுத்தான். அதைக் கேட்ட பிறகு நிக்கலசால் வீட்டில் இருக்க ஏலுமா? பழைய அம்பிளிஃபயரை ஓட்டோவில் ஏற்றினார். மனைவி மாகிரட்டும் ஏறிக்கொண்டார். நிலாவெளியில் கரைவலை இழுக்கிற நேரம், பிடித்த சூட்டோடு மீன் வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு.

ஹோட்டலின் முன் அறையில், கடலைப் பார்த்த ஜன்னலோரம் பிளேயர் இருந்தது. மூன்று றெக்கோட்டிலும் ஒரே வயலின் இசைதான். ஒன்று கறுப்பு. ஒன்று கண்ணாடி போலச் சிவப்பு. மூன்றாவதில் தட்டு முழுக்கப் பச்சைக்கிளி ஒன்றின் படம். சுற்றும்போது கிளியும் சுற்றியது.

"உதென்ன, மிட்டாயா?" என்றார் நிக்கலஸ் சிவப்பைக் காட்டி. "பிள்ளை, றெக்கோட் எண்டால் கறுப்பு. நிறத்தைக் கலந்தால் சத்தம் கெட்டுப்போகும். உது ரெண்டும் விளையாட்டுச் சாமான்."

ஜெயரூபி, தான் போட்டுப் பார்த்த கிளியையே திரும்பப் போட்டாள். ஊசி இறங்கியது.

"கேக்குதா, அங்கிள்?"

நிக்கலசுக்கு வயலின் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்கட சொல்லுத்தான் என்று கூப்பிட்ட பிள்ளையிடம் அதைச் சொல்வதா? கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"ஓம். உப்பு."

"என்ன?"

"உப்புக் காத்து. கடக்கரையிலை திறந்து வைச்சால் என்ன செய்யும்? குழாய் எங்க கிடக்கு?"

கிளியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். ஐம்பது வருசமாக எஞ்சின் அலசிய கை. நல்ல தண்ணீரை மெல்லத் திறந்து, வரி ஓடும் திசையிலேயே விரலை ஓட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தார். ஈரம் காயும் மட்டும் மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்து, திரும்பப் போட்டார்.

"இப்ப பாருங்கோ. பளிங்கு மாதிரி."

ஜெயரூபி அவரைப் பார்த்தாள். மாகிரட்டைப் பார்த்தாள்.

"இல்லை அங்கிள், அப்பிடியேதான் கிடக்கு."

"அப்ப உங்கட அம்பிளிஃபயர்தான் பழுது." ஓட்டோவிலிருந்து தன்னுடையதை இறக்கி மாட்டினார். கனமான இரும்புப் பெட்டி; முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் முள் ஆடுகிற மீற்றர். கிளியைத் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார். "இது பொய் சொல்லாது. கேளுங்கோ. சுத்தமா இல்லையா?"

"இஞ்சேருங்கோ," என்றார் மாகிரட். "சட்டியிலை மீன் பொரிக்கிற மாதிரி இரையுது. வாசல்லை நிண்டாலும் கேக்கும்."

"உனக்கு மீன் நினைப்பு!"

"பாட்டு இன்னும் துடங்கேல்லை. ஊசி வெறும் இடத்திலைதான் ஓடுது. நீங்கள் எதைச் சுத்தம் எண்டு சொன்னனீங்கள்?"

நிக்கலஸ் குனிந்து பார்த்தார். ஊசி விளிம்பில்தான் நின்றது. வயலின் தொடங்கவேயில்லை. அவர் கேட்டது வெறும் அமைதி. அந்த அமைதிக்குள் இரண்டு பெண்களுக்கும் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"போன திருநாளிலையும் இப்பிடித்தான்," மாகிரட் குரலைத் தணித்தார். "பிரசங்கம் முழுக்க மைக் கூவினது. சனம் காதைப் பொத்தினது. நீங்கள் சுவாமிக்குத் தொண்டை சரியில்லை எண்டு சொன்னீங்கள்."

அன்றைக்கு மைக் கூவியதைச் சொன்ன கோயில் ஆட்களோடு நிக்கலஸ் எட்டு மாதமாகக் கதைக்கவில்லை.

ஜெயரூபி மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். லொறி மூன்று மணிக்கு வரும். மெசின் பழுது என்று ஒரு சொல் சொன்னால் ஏற்றிவிடுவாள். பழுதில்லை என்றால் வைத்திருப்பாள். எதைச் சொன்னாலும் நம்புவாள். எழுபத்தொரு வயதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி அவர் ஒரு எஞ்சினும் பூட்டியதில்லை. இன்றைக்குக் காலையில் 'உப்பு' என்றதுதான் முதல் பொய்.

சத்தத்தில் கிழிந்துபோகாமல் இருக்க ஸ்பீக்கர் வயரைக் கழற்றினார். அம்பிளிஃபயரின் குமிழை முழுதாகத் திருகினார்.

"பிள்ளை, கறுப்பைப் போடுங்கோ. பாட்டுத் துடங்க முந்தி வெறும் இடத்திலை மட்டும்."

போட்டாள். மீற்றரின் முள் அடியில் கிடந்தது. கொஞ்சம் மூச்சு விட்டது போல அசைந்து, பேசாமல் படுத்துக்கொண்டது.

"கிளி."

முள் எழுந்தது. கால் வாசி மேலே போய், கரைவலைக்குள் அகப்பட்ட மீன் மாதிரித் துடித்துக்கொண்டே நின்றது. நிக்கலஸ் அதைக் கண் வெட்டாமல் பார்த்தார். அவருக்குக் கேட்காததெல்லாம் அங்கே கண்ணாடிக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப அந்த மிட்டாய்."

சிவப்பு சுற்றியது. முள் அடியில் படுத்தது. கறுப்புக்கு எங்கே படுத்ததோ அதே இடம். நிக்கலஸ் மீற்றரின் கண்ணாடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. ஊசியை எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னார். அதே இடம்தான்.

கிளியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். அடையாள அட்டைக்கு லெமினேட் அடிக்கிற மாதிரி, நடுவில் கடதாசிப் படம், மேலும் கீழும் மெல்லிய கண்ணாடித் தோல். பாட்டின் வரி முழுவதும் அந்தத் தோலிலேதான் அழுத்தியிருந்தது. சிவப்பைத் தூக்கிப் பார்த்தார். அதில் தோலும் இல்லை, கடதாசியும் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சாமான், சாயம் மட்டும் சேர்ந்தது.

"மெசின் திறம். அனுப்பாதேங்கோ," என்றார். "சிவப்புக்கும் கறுப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் சொன்னது பிழை. கிளிதான் இரையுது. படம் போட்டதெல்லாம் இப்பிடியோ தெரியாது, இது இப்பிடித்தான். கழுவினாலும் போகாது. சுவரிலை கொழுவுங்கோ, வடிவாயிருக்கும்."

"அப்ப முதல் உங்களுக்கு..." ஜெயரூபி பாதியில் நிறுத்தினாள்.

"எனக்குக் கேக்கேல்லை, பிள்ளை. உப்பு எண்டது சும்மா. முள்தான் சொன்னது."

அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "முள்ளைப் பாக்கிற யோசனை வேற ஆருக்கும் வந்திராது, அங்கிள்," என்றாள்.

"அது உண்மை," என்றார் நிக்கலஸ். அது உண்மைதானே!

திரும்பி வரும்போது மீன் வாங்கிக்கொண்டு, சனம் இல்லாத ஓரிடத்தில் ஓட்டோவை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"என்ன கேக்குது, சொல்லு."

மாகிரட் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சொன்னார். "அலை. பஸ் ஒண்டு வருது. அந்த வேலிப் பக்கம் ஒரு பூச்சி விடாமக் கத்துது."

அலை நிக்கலசுக்குக் கேட்டது. தூரத்தில் வந்த பஸ்ஸும் கேட்டது. அதன் கியர்ப் பெட்டி சரியில்லை என்பதும் கேட்டது. வேலிப் பக்கம் காதைத் திருப்பினார். வெறும் வெயில்தான்.

"எவ்வளவு சத்தமாக் கத்துது?"

"காது கிழியுது."

நிக்கலஸ் ஹாண்டிலைப் பிடித்தபடி பஸ் கடந்து போகும் மட்டும் இருந்தார். "வாற திருநாளுக்கு நீ என்ரை பக்கத்திலை வந்து இருக்கிறாய். மைக் கூவினால் கையைத் தூக்கு. மிச்சத்தை நான் பாப்பன்."

"பெண்டுகள் பக்கத்தை விட்டிட்டு வயருக்குள்ளையா?"

"ஓம்."

"கதிரை வேணும். பிளாஸ்ரிக் ஏலாது, முதுகு நோகும். எங்கட வீட்டுக் கதிரை. அதோட முதல்லை கோயில் ஆக்களோட நீங்கள் கதைக்கோணும்."

"கதிரை கொண்டுவாறன்," என்றார் நிக்கலஸ்.

"மற்றது?"

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். "அதுவும்தான்."

திருநாளன்று நிக்கலசின் ஓட்டோவில் பெட்டிகளுக்கு மேலே, கயிற்றால் வரிந்து கட்டியபடி, வீட்டுச் சாய்வுக் கதிரை வந்து இறங்கியது. அம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் அதைப் போட்டு மாகிரட்டை இருத்தினார். பிரசங்கத்தின் நடுவில் மாகிரட்டின் கை முழங்கால் அளவுக்கு எழும்பியது. நிக்கலஸ் குமிழை ஒரு மயிரளவு திருகினார். கை இறங்கியது. சனத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் ஆள் ஒருவர் வந்து, இதென்ன கதிரை என்று கேட்டார்.

"எனக்குச் சில சத்தம் இப்ப கேக்கிறேல்லை. அவவுக்குக் கேக்கும்," என்றார் நிக்கலஸ். சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். "இந்த ஏற்பாடு கொழும்பிலையும் இல்லை, தெரியுமோ?"