பின்னால் போகாத விமானம்

ஆயுத பூஜையன்று காலை, வானகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே கார்கள் எல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. மூன்றாம் மாடித் தம்பி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை முன்னால் நகர்த்தினான். பழம் நசுங்கி வாசனை எழுந்தது. அடுத்த நொடியே ரிவர்ஸ் போட்டுப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். "தம்பி, பின்னாடி எடுக்காதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் மனைவி கையிலிருந்த பொரித் தட்டு ஆடிவிட்டது. "ஏன் ஆன்ட்டி, பார்க்கிங் அங்கதானே?" என்றான். பாவம், நான் ஒரு போர் விமானத்துக்கே எலுமிச்சம்பழம் வைத்தவள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்குக் கவலையில்லை.

கல்யாணத்துக்கு முன்பு எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. மேனாம்பேட்டில் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை மற்ற பெண்கள் துணிக்கடைக்குக் கிளம்பினால், நான் பக்கத்துப் பூங்காவில் நிற்கும் நாட் விமானத்தைப் பார்க்கக் கிளம்புவேன். ஓய்வு பெற்ற போர் விமானம். உருவத்தில் ரொம்பச் சின்னது. சண்டையில் தன்னைவிடப் பெரிய விமானங்களைத் துரத்திய வகை. ஹாஸ்டலில் அதற்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தார்கள். "உன் கொசு எப்படிடீ இருக்கு?" என்பார்கள். ஆமாம், என் கொசுதான், உனக்கென்ன என்பேன். நாளெல்லாம் நான் அளந்து தள்ளும் துண்டு துக்கடாக்கள் ஒன்றுசேர்ந்தால் பறக்கவும் செய்யும் என்று எனக்குக் காட்டியது அதுதான். அதன் வயிற்றில் வரிசையாக இருக்கும் ரிவெட் ஆணிகளைத் தடவிப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.

என்னைப் போல ஏழெட்டுப் பைத்தியங்கள் அங்கே வாளியோடு வருவார்கள். காக்கை எச்சத்தைக் கழுவுவோம், பெயின்ட் நிறத்துக்காகச் சண்டை போடுவோம். தலைவர் ஏகாம்பரம், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். விமானத்தின் மேல் அவருக்கு இருந்த அன்பில் பாதிகூட உண்மையின் மேல் கிடையாது. வாரா வாரம் அந்த நாட் வீழ்த்திய எதிரி விமானங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். திருத்தினால், "நீ கீய நின்னு எண்ணிகினு இருந்தியாம்மா?" என்று வாயை அடைத்துவிடுவார்.

மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட விமானத்தைத் தூணில் ஏற்றி வைப்பார்கள். எங்களுடையது சிமென்ட் தரையில் சொந்தச் சக்கரத்தில் நின்றது. சக்கரம் இருந்தால் பூஜை உண்டு அல்லவா? மாலை, பொட்டு, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு முழம் முன்னால் உருட்டுவோம். பழம் நசுக்கிய வண்டியைப் பின்னால் தள்ளக்கூடாது என்று அங்கேயே விட்டுவிடுவோம். வருடா வருடம் இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அளப்பதையே தொழிலாக வைத்திருந்த எனக்கும்தான். ஒரு பூஜையன்று அதன் மூக்கு வேலிக் கம்பிகளுக்கு இடையே நுழைந்து சாலைக்கு மேலே எட்டிப் பார்த்தது.

பஸ் ஓட்டுநர்கள் புகார் செய்தார்கள். பூங்கா அதிகாரி வந்தார். திங்கட்கிழமைக்குள் பின்னால் தள்ளாவிட்டால் கிரேன் வைத்துத் தூக்கிக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

"பூஜை போட்டது சார். ரிவர்ஸ்ல போவாது," என்றார் ஏகாம்பரம்.

"ரெண்டடி தள்ளினா முடிஞ்சுதுய்யா. இதென்ன வம்பு?"

"சண்டைக்குப் போய்ட்டு வந்தது சார் அது. பஸ்ஸுக்குப் பயந்துகினு பின்னால போவுமா?"

வீம்பில் விமானத்தையே இழந்துவிடப் போகிறோம் என்று பயந்தேன். ஆனால் பின்னால் தள்ளக் கை வைக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஞாயிறு காலை வேலியில் ஒரு பகுதியைக் கழற்றினோம். தள்ளினோம், முன்னால்தான். நாட் பூங்காவை விட்டுச் சாலையில் இறங்கியது. ஏகாம்பரம் ஒரு கம்பியை மாட்டி முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே வர, நட்ட நடு ரோட்டில் அது மெல்ல வட்டமடித்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா மாமே, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று வாலுக்குத் தோள் கொடுத்தார். பயணிகளும் இறங்கினார்கள். அவர்களில் என் ஹாஸ்டல் தோழி ஒருத்தி, "உன் கொசு என்னடீ இந்தக் கனம் கனக்குது!" என்று மூச்சு வாங்கத் தள்ளினாள். வேலியின் இடைவெளி வழியே அது மறுபடி பூங்காவுக்குள் நுழைந்து, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றது. ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை. நான் அழுதுகொண்டே கை தட்டினேன்.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது, வானகரம் வந்தேன். சாலையை அகலப்படுத்தப் பூங்காவை எடுத்தார்கள். ஒரு நாள் ஏகாம்பரம் போன் செய்தார். "யாராண்டயும் சொல்லாம தூக்கிகினு போய்ட்டாங்கம்மா." எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. இன்று அங்கே சாலை மட்டும்தான், வேலிகூட இல்லை. முன்னமே சொல்லியிருந்தால் நாம் வந்து மறித்திருப்போம் என்று அதிகாரிகள் பயந்திருப்பார்கள், நம் மேல் அந்தப் பயமாவது இருந்ததே, அது போதும் என்று எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள். நான் ஆகவில்லை. போதாது. எங்கள் விமானம் எங்களுக்கு வேண்டும்.