மார்வெட் கை அசைத்தால்

விமானம் தாங்கிக் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் எங்கள் கடற்படை விமானத்தில் பயணிகள் வாலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். சன்னல் இரண்டே இரண்டு, அதுவும் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். வெளியே கடலா, கப்பலா, ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது, பயணிகளைக் கவனிக்க வால் பக்கம் உட்கார்ந்திருக்கும் மார்வெட் ஹாஸ்கின்ஸ் என்ற பெண்மணி மட்டுமே. அவர் கைகளைத் தலைக்கு மேல் அசைத்தால் இறங்கப் போகிறோம், தலையை இருக்கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். உடனே சக்கரம் தளத்தில் அறையும், வால் கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்கும், பாய்ந்து வந்த விமானம் சுவரில் முட்டியதுபோல் நிற்கும்.

கடற்படைக்கு வருமுன் வர்ஜீனியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் மார்வெட். பிள்ளைகளை அதட்டிப் பார்த்துக்கொண்ட அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. அன்று குவாம் தீவில் ஏறும்போதும் ஒவ்வொருவர் இருக்கை வாரையும் இழுத்துப் பார்த்தார்.

விமானி அறையை ஒட்டிய வரிசையில் என் பக்கத்தில் எல்டன் கிரிட்லி. கப்பலின் சலவை இயந்திரங்களைப் பழுது பார்க்க வந்தவர். நரைத்த மீசை, முதல் பயணம்.

"மேடம், ரொம்ப இறுக்குது."

"மேடம்லாம் ஆபீசருங்க. நான் வேலை செய்யுறவ. மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"அப்ப இன்னும் இறுக்கணும்." இழுத்தார். "நான் சொல்லாம இந்தப் பூட்டத் தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன் கண்ணு."

"கைய ஒடிச்சா உங்க துணிய யாரு துவைப்பா?"

"நாறுனா நாறட்டும், போங்க!"

கப்பலுக்கு மேலே வந்தபோது தளத்தில் ஒரு போர் விமானம் டயர் வெடித்து வழியை அடைத்துக் கிடந்தது. அதை இழுத்துப் போடும்வரை வட்டமடித்தோம். கரைக்குத் திரும்பும் அளவுக்கு எரிபொருள் இல்லாமல் போனது. கடைசியில் மார்வெட்டின் கைகள் எழுந்தன.

"இதோ! இதோ! இதோ!"

சக்கரம் அறைந்தது. பல் கிட்டியது. ஆனால் விமானம் நிற்கவில்லை! கொக்கி கம்பியைத் தவறவிட்டிருந்தது. எஞ்சின் அலற மறுபடி மேலே ஏறினோம்.

கிரிட்லிக்கு அது எப்படித் தெரியும்? சக்கரம் தட்டியதும் இறங்கிவிட்டோம் என்று நினைத்துப் பூட்டைத் திறந்துவிட்டார். விமானம் மூக்கைத் தூக்கியது. மனிதர் இருக்கையிலிருந்து சரிந்து, நடைவழியில் உருண்டு, மார்வெட்டின் காலில் போய் இடித்தார்.

காதொலிக் கருவியில் விமானியிடம் என்ன பேசினார் என்று மார்வெட் பிறகு சொன்னார்.

"ஒருத்தர் கட்டாம கெடக்கறாரு! இறங்காதீங்க!"

"எண்ணெய் இந்தச் சுத்துக்குத்தான் இருக்கு மார்வெட். எப்படியாவது உக்கார வை."

கொக்கி பிடிக்கும்போது கட்டாத உடம்பு விமானத்தோடு நிற்காது. எங்கள் தலைக்கு மேல் பறந்து முன்சுவரில் சிதறும். மார்வெட் தன் வாரைக் கழற்றினார்.

"எந்திரிங்க!"

"கால் வரல!"

"கால் எதுக்கு? தவழ்ந்து வாங்க!"

காலரைப் பிடித்து எங்கள் வரிசைக்கு இழுத்து வந்தார். ஒயர் எட்டாததால் காதொலிக் கருவியைப் பிடுங்கி எறிந்தார். நான் கிரிட்லியின் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினேன். தோள் வார் முறுக்கிக்கொண்டது. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, வயிறு மேலே வந்தது. இறங்கிக்கொண்டிருக்கிறோம்! பூட்டு "டக்" என்றது.

தன் இடத்துக்குத் திரும்ப மார்வெட்டுக்கு நேரமில்லை. கிரிட்லிக்கு மறுபக்கம் காலியாக இருந்த இருக்கையில் விழுந்து வாரை மாட்டினார். இப்போது வால் பக்கம் யாருமில்லை. முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானி சொல்வதும் அவருக்குக் கேட்காது. சன்னலில் கப்பலின் வெள்ளை நுரை தெரிந்ததும் கத்தினார்.

"உதைடா! முன் சீட்ட உதை!"

உதைத்தேன். அதில் இருந்தவர்கள் தங்களுக்கு முன்னால் இருந்தவர்களை உதைத்தார்கள். தலைகள் வரிசையாக இருக்கையில் ஒட்டின.

அறைந்தது. உலகமே நின்றது. கம்பி பிடித்துவிட்டது!

பின்கதவு திறந்து வெளிச்சம் வந்தது. கிரிட்லி மார்வெட்டின் சட்டைக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"இப்பத் திறக்கலாம் கண்ணு."

"மாட்டேன். நீங்களே திறங்க."

மார்வெட் பூட்டில் கை வைத்தார். விரல்கள் நடுங்கின, பூட்டு திரும்பவில்லை. கிரிட்லி அவர் கைமேல் தன் கையை வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைத் திறந்தார்கள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது.