பாலீஷ் போட்ட பிரேக்

மகனின் ஷூவுக்குப் பாலீஷ் போடும்போதெல்லாம், இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் புனே குவார்ட்டர்ஸ் அந்த வாசனையோடு எழுந்து வருகிறது. தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்த அப்பா, ஞாயிறு காலைகளில் எங்கள் சைக்கிள்களின் செயினை இழுத்து, டயரை அமுக்கி, பிரேக் கட்டைகளைக் குனிந்து பார்த்து, தேறியதன் மட்கார்டில் சாக்பீஸால் டிக் போடுவார். டிக் இல்லாத சைக்கிள் அந்த வாரம் வெளியே போகாது. தேய்ந்து வழவழத்த என் பிரேக் கட்டைகளில் காம்பஸ் முனையால் கோடு கீறி, கறுப்புப் பாலீஷ் பூசி, புதுசு போலக் காட்டி ஒருமுறை டிக் வாங்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் என் சைக்கிளைக் காணோம்.

“அப்பாவோடது பஞ்சர்டி. ஓவர்டைமுக்கு உன்னோடதுல போயிருக்காரு,” என்றாள் அம்மா.

தொழிற்சாலைக்குப் போகும், லாரிகள் நெருக்கும் விஷ்ராந்த்வாடி ரோட்டை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சைக்கிள் மணிச்சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். பொழுது சாயும்போது முழங்கைச் சிராய்ப்போடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், தான் போட்ட டிக்கை எச்சில் தொட்ட விரலால் தானே அழித்தார்.