யோனா திறந்திருந்த நாள்

போனவர்கள் மூவர்: நான், என் கணவர், அவருடைய அக்கா. அக்காவை நான் மச்சாள் என்பேன். நாங்கள் சைவ சமயம், மச்சாள் கத்தோலிக்கரை மணந்து வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, போனவர். அவருக்கு இடக்கண் பார்வை போய்விட்டது, வலக்கண்ணும் மங்கி வருகிறது. பழைய கையெழுத்துப் பைபிள் ஒன்றில் இயேசு குருடனுக்குப் பார்வை கொடுக்கும் ஓவியம் இருக்கிறது. அதைப் பார்வை இருக்கும்போதே நேரில் காணவேண்டும் என்பது அவர் ஆசை. சென்ற செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம்.

நாங்கள் இருக்கும் சட்டனில் இருந்து நகர நடுவிலுள்ள செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு ரயில் மாறத் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒன்பதரைக்குப் பின் ஏறினால் கட்டணம் குறைவு. அந்தப் பைபிள் இருக்கும் காட்சிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான், நுழைவு இலவசம்.

உள்ளே வெளிச்சம் குறைவு. மச்சாளின் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம். அச்சு வருமுன்னரே துறவிகள் கன்றுத் தோலில் எழுதியது. மடம் கலைந்தபின் பல வீடுகள் மாறி இங்கே வந்ததாம். நீலம், ஆப்கானிஸ்தான் கல்லை அரைத்து எடுத்தது. தங்கத் தகடு, முட்டை வெள்ளைக்கருவால் ஒட்டியது. தோலில் ஓர் ஓட்டை. எழுதியவர் தோலை வீசிவிடாமல் ஓட்டையைச் சுற்றி எழுத்தைக் கொண்டுபோயிருக்கிறார். அந்தச் சிக்கனமான கையை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. என்னை அறியாமல் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காவல் நின்ற பெண் விரலை ஆட்டினார்.

“ஆர் இங்க வேதக்காரி, நீரோ நானோ?” என்று மச்சாள் சிரித்தார்.

“கன்றுத் தோலும் முட்டையும்! இவ செவ்வாய்க்கிழமை மரக்கறிச் சாப்பாடு எல்லே,” என்றார் என் கணவர்.

மச்சாள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இது மீனெல்லே? குருடன் எங்க?”

திறந்திருந்தது, மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனா மூன்று நாள் கழித்து அதன் வாயிலிருந்து வெளிவரும் பக்கம். வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடுமாம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று அந்தக் காவல் பெண் விளக்கினார்.

“கவலைப்படாதேங்கோ அக்கா. திருப்பினவுடன வருவம்.”

“நீ வருவாய் தம்பி. கண் வருமோ?”

பிறகு அவரே, “இவரும் இருட்டுக்குள்ள கிடந்துதானே வெளியில வந்தவர்,” என்று யோனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எப்போது போனாலும் சாமி அங்கே இருக்கும் என்று கோயிலுக்குப் போவதுபோலப் போய்விட்டோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்; எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஆனால் எந்தப் பக்கமானாலும் போய்ப் பாருங்கள். அத்தனை அழகு.

குருடனின் பக்கம் எப்போது வரும் என்று காட்சிக்கூடத்துக்குக் கேட்டு எழுதினோம். அடுத்த பக்கம் எது என்று இன்னும் முடிவாகவில்லையாம். உங்களில் யாராவது அங்கே போய், குருடனின் பக்கம் திறந்திருக்கக் கண்டால், வீடு திரும்பும்வரை பொறுக்காமல் கீழே ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து விரைவாகப் பதில் தாருங்கள்.