கிரஷர் கம்பெனியின் ஆஸ்தான காயக்காரர்

உத்திரமேரூர் வட்டாரத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கல்குவாரி, கிரஷர், டிப்பர் லாரி, ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் என்று அடுக்குவார்கள். சாமுவேலின் மண்டையை ஒருவரும் சொல்வதில்லை. இந்த அநீதியைத் துடைக்கவே இதை எழுத வேண்டியதாயிற்று.

சாமுவேல் காலனிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஊர்ப் பெரிய குடும்பத்து ஜெகன் வீட்டு நிலத்தில் நாற்று பிடுங்கியும் கதிர் அறுத்தும் வளர்ந்த உடம்பு. அந்த நிலத்தை ஒட்டி ஒரு குன்று இருந்தது. ஜெகன் தலையெடுத்ததும் குன்றைக் குத்தகை பிடித்து வெடி வைத்தார். வயலில் கல்தூள் படிந்தது, நெல் நின்றுபோனது, ஜல்லி விளைந்தது. ஜல்லிக்குக் களையெடுக்க ஆள் தேவைப்படாததால் சாமுவேல் டீக்கடையில் உட்காரத் தொடங்கினார். அங்கேதான் அவருக்கு வேலை கிடைத்தது.

மாகறல் பக்கம் மோகன் என்று இன்னொரு கிரஷர்காரர். புது ரோட்டுக்கு ஜல்லி போடுவது ஜெகனா மோகனா என்ற பொருளாதாரப் பிரச்சினையை, ஜெகனின் வலதுகையான டிரைவர் சின்னராசு, மோகனின் டிரைவர் ஒருவருடைய முழங்கையை ஜாக்கி ராடால் உடைத்துத் தீர்த்துவைத்தார். உடைந்த கை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இங்கேதான் எங்கள் பக்கத்து நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். அடித்த கட்சியிலும் ஒருவன் அடிபட்டு அதே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அப்போதுதான் கேஸுக்கு எதிர்கேஸ் நின்று, இரண்டும் கட்டிப்பிடித்து ராஜியாகும். படுக்க ஆள் இல்லாத கட்சி ஜெயிலுக்குப் போகும்.

ஜெகன் கட்சியில் அன்று ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சின்னராசு சுற்றிலும் பார்த்தார். சாமுவேல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ராடு பின்மண்டையில் இறங்கியது.

கண் விழித்தபோது தலையில் தையல், காதருகில் ஜெகன். "யோவ் சாமுவேலு, மோகன் ஆளு அட்ச்சான்னு சொல்லு. நம்ம கிரஷர்ல ஒனக்கு வேலை." பணி நியமனம் இவ்வளவு விரைவாக நடப்பதை அரசாங்கம்கூடக் கற்றுக்கொள்ளலாம்.

அதன் பிறகு அவர் முன்னேற்றம் தடையின்றி நடந்தது. எடைமேடைத் தகராறில் விலா எலும்பு, தண்ணீர் லாரித் தகராறில் முன்பற்கள், கோயில் திருவிழாவுக்கு வசூல் கேட்டு வந்தவர்களைப் புரட்டியெடுத்த நாளில் தொடையில் அரிவாள். ஒவ்வொரு தடவையும் அடித்தது ஜெகனின் ஆள், பெயர் எதிராளியுடையது. அவர் கைகாட்டிய ஒருவர், சம்பவ நேரத்தில் மாமியார் பிணத்துக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர், சிறைக்குப் போய்வந்தார். அவரை வழியில் கண்டால் சாமுவேல் ரோட்டைத் தாண்டி மறுபக்கம் போவார். தொழிலில் அவருக்கிருந்த ஒரே கூச்சம் அது.

அவர் மனைவி செல்லாயிக்கு மட்டும் இந்த வளர்ச்சி பிடிபடவில்லை. "ஊர்ல அவளவ வூட்டுக்காரனுக்குக் கம்பெனி சட்டை குடுக்குது. எங்கூட்டு ஆளுக்குக் கட்டுத்துணி குடுக்குது" என்று தெருக்குழாயடியில் அறிவித்துவிடுவார்.

மகன் வசந்த்குமாருக்கு உண்மையிலேயே கம்பெனி சட்டை கிடைத்திருந்தது. ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த ஆளாக இருந்தான். நிரந்தரமாக்கப்போகும் நேரம். அதற்குமுன் கம்பெனி போலீசில் விசாரிக்கும், ஒரு கேஸ் இருந்தாலும் சட்டையைக் கழற்றிக்கொண்டு அனுப்பிவிடும். எத்தனையோ பேர்மேல் கேஸ் போட உதவிய சாமுவேல், மகன்மேல் ஒரு கேஸ் விழாதிருக்க ஞாயிறுதோறும் சர்ச்சில் முழங்காலில் நின்றார்.

அந்த நிலைமையில்தான் குன்றிலிருந்து ஒரு கல் பறந்து வந்தது. காலனியில் செவ்வந்தி என்ற பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஷீட் கூரையைப் பிளந்து இறங்கி, அவள் பாதத்தைத் துவைகல்லோடு சேர்த்து நசுக்கியது. அவளைத் தூக்கி ஓடியவன் வசந்த்குமார். மறுநாள் காலையில் டிப்பர்கள் போகும் பாதையில் காலனியே உட்கார்ந்தபோது முன்வரிசையில் இருந்தவனும் அவன்தான். சின்னராசு ஹாரன் அடித்துப் பார்த்தார், பிறகு கூட்டத்துக்குள் வண்டியை விட்டார். ஒருவருக்கு இடுப்பு, இன்னொருவருக்கு முழங்கால். வண்டி கூட்டத்துக்குள் ஏறியதை நாலு போன்கள் படமெடுத்திருந்தன. அதற்குப் பிறகும் காலனி எழுந்திருக்கவில்லை, அந்த வாரம் ஒரு லாரியும் ஓடவில்லை.

ஜெகனுக்கு எதிர்கேஸ் அவசரமாகத் தேவைப்பட்டது. சாமுவேலை கிரஷர் ஆபீசுக்கு அழைத்தார்.

"வா சாமுவேலு. நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சி மொதலாளி."

"இன்னிக்கு கொஞ்சம் பெருசா வேணும். கொலை முயற்சி நிக்கணும்."

"யாரு பேரு மொதலாளி?"

"ஒம்புள்ள பேருதான்."

"பர்மனென்ட் ஆவற நேரம் மொதலாளி..."

"அத்தொட்டுதான் சொல்றேன். கேஸுன்னா பயந்து எந்திரிச்சிப் பூடுவான், பேஜாரு தீந்துச்சி. பெத்த நைனாவே சொன்னா ஜட்ஜே நம்புவாரு."

"நா மாட்டேன்னா?"

"வேற ஒருத்தன அட்ச்சி இதே பேர சொல்ல வெப்பேன். ஊர்ல மண்டைக்கா பஞ்சம்?"

சாமுவேல் யோசித்தார். ஊரில் மண்டைக்குப் பஞ்சமில்லை என்பது அவருக்கே தெரிந்த விஷயம். "சரி மொதலாளி. நானே வாங்கிக்கறேன். ஆனா சின்னராசு வேணாம். பெத்த புள்ள பேர சொல்லப் போறேன், எவனோ கூலிக்காரன் கையால அடி வாங்கிக்கினு சொல்ல மனசு வர்ல. ஒங்க கையால அடிங்க."

ஜெகன் நெகிழ்ந்துபோனார். "சின்னராசு, பாத்தியா? இதுக்குப் பேருதாண்டா விசுவாசம். இன்னும் நாலு தலைமொறைக்குத் தேடினாலும் கெடைக்காது" என்று சொல்லிக்கொண்டே டிப்பர் சீட்டுக்குப் பின்னால் இருந்த ஜாக்கி ராடை எடுத்துவரச் சொன்னார்.

சின்னராசுவிடம் ஒரு அளவு உண்டு, ரத்தம் வந்ததும் நிறுத்திவிடுவார். ஜெகனுக்கு அந்த அனுபவம் இல்லை. முதல் அடி தோளில் இறங்கியது. இரண்டாவது இடது காதில். காது கிழிந்து ரத்தம் கழுத்துக்குள் வழிந்தது. வேலை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்க ஓடாமல் நின்ற லாரிகள் எல்லாம் ஜெகனுக்கு நினைவு வந்தன போலும். விழுந்து கிடந்தவரின் முதுகிலும் தலையிலும் அடித்தார். மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் அடித்தார். "மொதலாளி, செத்துரப் போறான்" என்று சின்னராசுதான் கையைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு எஸ்.ஐ. வந்தபோது ஜெகன் துக்கமான முகத்தோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வசந்த்குமார் அப்பாவின் தலைமாட்டில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெகனுக்கு அது இன்னும் வசதியாகப் பட்டது.

"யாருய்யா அட்ச்சது?" என்றார் எஸ்.ஐ.

"ஜெகன், சார்."

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். "யோவ், தலையில பட்டதுல கொழம்பிட்டியா? நல்லா யோசிச்சிச் சொல்லு."

"யோசிச்சிதான் சார் சொல்றேன். இத்தினி நாளு யோசிக்காம சொல்லிக்கினு இருந்தேன். ஜாக்கி ராடு சார். டிப்பர் சீட்டுக்குப் பின்னால கீது. என் மயிரு இன்னும் அதுல ஒட்டிக்கினு கீது."

"எங்கூட்டுச் சோத்தத் தின்னுட்டு..." என்று கத்திக்கொண்டே ஜெகன் பாய்ந்து, கட்டுப் போட்ட கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தார். எஸ்.ஐ.யும் நர்சும் வசந்த்குமாரும் சேர்ந்து பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சாட்சி தேடும் சிரமத்தை இப்படி ஜெகனே குறைத்தார். இழுபறியில் கையை உதறிக்கொண்டு ஓடியும் போனார்.

ஓடியவருக்கு இருந்தது ஒரே வழி, எதிர்கேஸ். கிரஷருக்கு வந்து ஆட்களைக் கூப்பிட்டார். ஒரு டிரைவருக்குத் திடீரென்று காய்ச்சல், இன்னொருவருக்கு வீட்டில் விசேஷம். ஆஸ்தான மண்டை எதிர்க்கட்சியில் படுத்திருந்தது. கடைசியில், "சரி, என்னையே அட்ரா சின்னராசு. வசந்த்குமார் அட்ச்சான்னு நானே சொல்றேன். தோள்ல, பாத்து" என்றார்.

சின்னராசு ஓங்கினார். சாமுவேலாக இருந்தால் அசையாமல் நின்றிருப்பார். ஜெகன் கடைசி நொடியில் பயந்து குனிந்து முகத்தைத் திருப்ப, தோளுக்கு வந்த ராடு தாடையில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் கிரஷர் ஓடும் சத்தத்தையும் மீறிக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

சாமுவேலுக்குப் பக்கத்துக் கட்டில்தான் காலியாக இருந்தது. எஸ்.ஐ. மறுபடியும் கேட்டார். ஜெகன் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வந்தன, பெயர் வரவில்லை. சின்னராசு உதவிக்கு வந்தார். "வசந்த்குமார்தான் சார். என் கண்ணால பாத்தேன். இப்பத்தான், அரை மணிக்கு முன்னால, கிரஷராண்ட."

எஸ்.ஐ. வாங்கிவரச் சொன்ன டீயை வசந்த்குமார் அப்போதுதான் அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அந்தக் கட்டிலை விட்டு அவன் போனது அந்த டீக்கடை வரைக்கும்தான். எஸ்.ஐ. டீயைப் பார்த்தார், சின்னராசுவின் கையிலிருந்த துருக்கறையைப் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "கால் தவறி விழுந்துட்டாரு" என்று எழுதினார். எங்கள் பக்கத்தில் அதுவரை காலனி ஆட்கள் மட்டுமே கால் தவறி விழுந்துவந்தார்கள். முதலாளி வர்க்கத்துக்கும் அந்த வாய்ப்பு அன்றுதான் திறந்தது.

ஜெகன் கம்பி கட்டிய தாடையோடு ஜெயிலுக்குப் போனார். நடுவில் சில நாள் குன்று அமைதியாக இருந்தது. இப்போது மோகன் குத்தகைக்கு எடுத்து வெடி வைக்கிறார். கல் மறுபடியும் பறக்கிறது, வளர்ச்சி யாருக்காகவும் நிற்பதில்லை. மோகனின் ஆள் ஒருவர் சாமுவேலை வேலைக்குக் கேட்டு வந்தார். செல்லாயி விளக்குமாற்றால் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

வசந்த்குமாருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. விடியலில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது வலது காதைத் திருப்பி, "டேய், பஸ்ஸு வந்துச்சி" என்று எழுப்பிவிடுவது சாமுவேல்தான். இடது காது போனது போனதுதான். பகலில் அந்தப் பக்கத்தைக் குன்றுக்குக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார். வெடிச்சத்தம் அவருக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது. குன்றின் வளர்ச்சியால் காலனியில் இதுவரை பயனடைந்தவர் அவர் ஒருவரே.